ஒற்றைக் காலில் நிற்க முடியுமா? தவப் பூனை சொல்லும் பாடம்

மாமல்லபுரத்தில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் ஒரு தவசியைச் செதுக்கி இருக்கிறார்கள்.

தவசி ஒற்றைக் காலில் நிற்கிறார். இரு கைகளும் தலைக்கு மேலே!

அதே பாறையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அங்கே ஒரு பூனையும் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. அதன் அருகில் எலிகள்!

இந்த இருவரில் நாம் யார்?

மரம் போல...

தவசி நிற்பது போன்ற ஆசனத்துக்கு விருட்சாசனம் என்று பெயர். விருட்சம் என்றால் மரம்.

நேராக நில்லுங்கள். ஒரு காலை மடக்கி, பாதத்தை மற்றக் காலின் தொடையில், உட்பக்கமாக வையுங்கள். கைகளை மேலே தூக்கிக் குவியுங்கள். எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள்.

சிறிது நேரத்தில் உடல் ஆடும். அது தவறு அல்ல.

கண், காதின் உட்பகுதி, பாதம் ஆகியவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடல் சாய்ந்தால், தசைகள் இழுத்து நிமிர்த்துகின்றன. கண்ணை மூடினால் ஆட்டம் கூடும். ஒரு செய்தி குறைந்துவிட்டது அல்லவா?

ஆடாமல் நிற்பது அல்ல, ஆடும்போது சரி செய்துகொள்வதே சமநிலை!

குடும்பமும் அப்படித்தான். மாதக் கடைசியில் பணம் தட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அன்று ஆசனம் செய்ய முடியாமல் போகலாம். மறுநாள் தொடங்கினால் போதும்.

அளவு வேண்டும்

ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார், பதஞ்சலி முனிவர். அளவு மீறி உண்பவனுக்கும், பட்டினி கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது, கீதை.

அளவை எப்படி அறிவது? மூச்சைக் கவனியுங்கள். மூச்சு முட்டினால் நிறுத்திவிடுங்கள்.

யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989) நூறு வயது வாழ்ந்தவர். பல ஆண்டுகள் சென்னையில் கற்பித்தார். அவரவர் வயதையும் உடல்நிலையையும் பார்த்தே அவர் பயிற்சி கொடுத்தார்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சிரசாசனம் செய்யக் கூடாது. வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். முதுமையில் கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் அபாயம் உண்டு. சமநிலைப் பயிற்சிகள், விழும் ஆபத்தைக் குறைக்கின்றன.

பூனையின் தவம்

இனி, பூனைக்கு வருவோம்.

ஒருவர் காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருகிறார். எழுந்ததும், காப்பி ஆறிவிட்டது என்று மனைவி மீது எரிந்து விழுகிறார். இது எந்தத் தவம்?

பாயில் பழகிய பொறுமை, பாயைச் சுருட்டிய பிறகும் இருக்க வேண்டும்.

உங்கள் தவம் தவசியின் தவமா, பூனையின் தவமா? வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். உடனே சொல்லிவிடுவார்கள்!