மன்னாரில் வளர்ந்த கத்தரீனா

கத்தரீனா என்ற பெயர் கிரேக்கத்தில் 'ஐகதெரீனே' என்று வழங்கியது. அதன் வேர் எதுவென்பதில் அறிஞரிடையே இன்றும் உடன்பாடில்லை. 'தூய' எனப் பொருள்படும் 'கதரோஸ்' என்ற சொல்லோடு கிறிஸ்தவர்கள் அதை முற்காலத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விசுவாசத்துக்காக உயிர்விட்டதாக மரபு கூறும் அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனாவால் ஐரோப்பா எங்கும் அப்பெயர் பரவியது. அவருடைய திருநாள் நவம்பர் 25. 1510இல் அதே நாளில் போர்த்துக்கேய ஆளுநர் அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றினார். அதனால் போர்த்துக்கேயர் கோவாவின் பேராலயத்தை அவருக்கே அர்ப்பணித்தனர்.

இப்பெயரைத் தாங்கியவர்களில் சியன்னாவின் புனித கத்தரீனா (1347–1380), பம்பாயைச் சீதனமாகக் கொண்டு இங்கிலாந்து மன்னரை மணந்த பிரகன்சா கத்தரீனா, ருஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீனா ஆகியோரை உலகம் அறியும். இலங்கைக்கு உரியவர் கண்டி இளவரசி குசுமாசன தேவி. 1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தபோது, இளவரசியின் தந்தையான கண்டி மன்னன் கரலியத்த பண்டார குடும்பத்தோடு திருகோணமலைக்குத் தப்பிச் சென்று, அங்கே அம்மை கண்டு இறந்தான். சிறு குழந்தையான மகள் போர்த்துக்கேயர் பொறுப்பில் மன்னாருக்கு வந்தாள். யாழ்ப்பாண அரசின் கையிலிருந்த மன்னாரை 1560இல் எடுத்துக்கொண்ட போர்த்துக்கேயருக்கு அங்கே கோட்டை இருந்தது, முத்துக்குளிப்பு வருமானம் இருந்தது, குருமாரும் இருந்தார்கள். திருமுழுக்குப் பெற்று 'டோனா கத்தரீனா' ஆன இளவரசி அந்தச் சூழலிலேயே வளர்ந்தார். கண்டி அரியணைக்கு ஒரு கத்தோலிக்க அரசி வேண்டும் என்ற கணக்கு, தந்தையை இழந்த குழந்தையின் தலையில் சுமத்தப்பட்டது.

1594இல் போர்த்துக்கேயத் தளபதி பெத்ரோ லோப்பஸ் த சோசா அவரை முடிசூட்டுவதற்காகக் கண்டிக்குப் படை நடத்தினார். தந்துரேயில் அப்படை அழிந்தது. போர்த்துக்கேயரை எதிர்த்து வென்ற சிங்களத் தலைவன் கொனப்பு பண்டார கத்தரீனாவை மணந்து, முதலாம் விமலதர்மசூரியன் என ஆண்டான். முன்பு திருமுழுக்குப் பெற்றிருந்த அவன் பௌத்தத்துக்குத் திரும்பியிருந்தான். போரில் கைப்பற்றப்பட்டவராகவே கத்தரீனா அரசியானார். 1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்தர் ஸ்பில்பர்கன், அரசியும் பிள்ளைகளும் கிறிஸ்தவ முறையில் உடுத்தியிருந்ததாகக் குறித்துள்ளார். ஒல்லாந்தர் கோட்டை கட்ட முன்வந்தால் தானும் அரசியும் பிள்ளைகளும் கல் சுமப்போம் என மன்னன் சொன்னதும் அவர் குறிப்பில் உண்டு.

1604இல் மன்னன் இறந்தபின், துறவாடையைக் களைந்து அரசேறிய செனரத் கத்தரீனாவை மணந்தான். 1613இல் அரசி காலமானார். 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தரோடு வந்த போதகர் பால்தேயுஸ், 1672இல் வெளியிட்ட நூலில் அரசியின் கதையை விரிவாக எழுதினார். அதிலும் அவர் பெயர் டோனா கத்தரீனாதான்.