திண்ணையும் செருப்பும்

1873ஆம் ஆண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் ஒரு தமிழ் வக்கீல் ஐரோப்பியச் சப்பாத்தோடு நுழைந்தார். பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை. உள்ளூர்க்காரர் காலணியை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அந்த மன்றத்தின் வழக்கம். நீதிபதி தடுத்தார், பிள்ளை விடவில்லை. வழக்கு பாரிஸ் வரை போனது. அங்கே பிள்ளை ஜெயித்தார்.

சனிக்கிழமைகளில் வைசியாள் வீதிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் யார் வீட்டுத் திண்ணையிலோ ஷூ காலோடு ஏறி, மரத்தூணைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். காலையில் போட்ட கோலம் கீழே மிதிபட்டுக் கிடக்கும். உள்ளேயிருந்து ஒரு கை வந்து கதவைச் சாத்தும்.

திண்ணை வழிப்போக்கனுக்காகக் கட்டியதுதான், மறுக்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்கத் தெருவோரத் தாழ்வாரம், உட்காரவும் கண்ணயரவும் திண்ணை. வந்தவனுக்கும் முறை தெரியும். செருப்பைக் கீழே விடுவான். நடையைத் தாண்டி எட்டிப் பார்க்க மாட்டான். தண்ணீர் கேட்டால் சொம்பில் வரும். எல்லாருக்கும் அந்தச் சொம்பு வந்துவிடவில்லை, சாதி பார்த்துத்தான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் ஊரையே பெரிய வாய்க்கால் இரண்டாக வெட்டியிருந்தது. கடலோரம் வெள்ளையர், மேற்கே தமிழர். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்தார்கள். கறுப்பு நகரம் என்ற பேச்சு வழக்கொழிந்தது. 'ஒயிட் டவுன்' மட்டும் விடுதி விளம்பரத்திலும் ஆட்டோக்காரர் வாயிலும் கூச்சமில்லாமல் உலவுகிறது. பாகுபாட்டின் பெயர் விற்பனைச் சரக்காகிவிட்டது. தமிழ் வீதிகள் பக்கம் ஆட்கள் திரும்பியது பிறகுதான். இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வைசியாள் வீதி வீட்டு முகப்புகளைச் சீராக்கியது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. விருதுக்குப் பின்னாலேயே கேமராவும் வந்தது.

இதே பயணிகள் அரவிந்தர் ஆசிரமத்துக்குள் போனால் ஆளே மாறிவிடுகிறார்கள். சமாதி அருகே பேச்சில்லை, படமில்லை, செருப்பில்லை. அங்கே விதி எழுதிப் போட்டிருக்கிறது, கண்காணிக்க ஆள் இருக்கிறது. குபேர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு அப்படிப் பலகையும் இல்லை, காவலும் இல்லை. கேட்காமலே அவர் முகத்துக்கு நேராகச் செல்போன் நீள்கிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் இன்னும் மோசம். மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் நாள் அது. செத்துப்போன அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற மனிதரைச் சுற்றி வந்து கோணம் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போகிற இடத்தின் மக்களையும் அவர்கள் வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்று உலகச் சுற்றுலா அமைப்பு 1999இலேயே நெறிமுறை வகுத்தது. சிறுபான்மையினரையும் பழங்குடிகளையும் அது தனியாகவே சொன்னது. அந்தமானில் ஜாரவா பெண்களைப் பயணிகளுக்காக ஆடவைத்த காணொளி 2012இல் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. புதுச்சேரி அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் மனிதரைக் காட்சிப்பொருளாகப் பார்க்கும் கண் ஒன்றுதான்.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. தேர்ந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவரை இங்கே 'சொல்தா' என்போம். எங்கள் பக்கத்துச் சொல்தா தாத்தா ஒருவர் கைலியோடு மஞ்சள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு இளம் ஜோடி அவரிடம், "இங்க பிரெஞ்சுக்காரங்க எங்க இருப்பாங்க?" என்று கேட்டது.

"நான்தான்," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு, சுவரை மட்டும் படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் தள்ளிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நகர்ந்தார்.