பூட்டிக்கொள்ளாத சக்கரம்

"மழையிலே பிரேக்கை ஒரேயடியா அழுத்தாதே, மிதிச்சு விடு, மிதிச்சு விடு" என்பார் அப்பா. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். சென்ற ஐப்பசி மழையில், திருவொற்றியூரில் மாமாவின் புதிய காரை ஓட்டியபோது அந்தப் பழக்கமே அவரை ஏமாற்றிவிட்டது. முன்னே ஒரு டிரெய்லர் திடீரென நின்றது. பிரேக்கை மிதித்ததும் பெடல் காலடியில் துடிக்கவே, ஏதோ கோளாறென்று காலை எடுத்துவிட்டார். மறுபடி அழுத்தி ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினார்.

அது கோளாறன்று, நண்பர்களே! உருளும் சக்கரம் தரையைத் தொடும் இடம் அக்கணத்தில் சறுக்குவதில்லை. ஆகவே பிடிமானம் மிகுதி. சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காருக்கு அளித்த ஏ.பி.எஸ். கருவி இதைத் தடுக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஓர் உணர்கருவி அளக்கிறது. ஏதேனும் ஒன்று பூட்டிக்கொள்ளப் போனால், அதன் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வால்வு குறைத்து மீண்டும் ஏற்றுகிறது, நொடிக்குப் பலமுறை! அப்பாவின் கால் செய்த வேலைதான். ஆனால் ஒரு காலால் நான்கு சக்கரங்களைத் தனித்தனியே கவனிக்க இயலுமா?

வளைவுக்கு வேறொரு ஏற்பாடு. ஸ்டியரிங் காட்டும் திசையையும் வண்டி உண்மையில் திரும்புவதையும் கணினி ஒப்பிடும். பின்புறம் வெளியே வீசினால், வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும். ஈரச் சாலையில் இவை பெருந்துணை. மணல் பரவிய இடத்திலோ ஏ.பி.எஸ். இருந்தால் வண்டி நிற்கும் தூரம் கூடவும் கூடும்.

இப்போது ஞாயிறு காலைகளில், காலியான சாலையில் அப்பா பழகுகிறார்.

"துடிக்குதுடா!"

"காலை எடுக்காதீங்கப்பா!"