போருக்கு மதம்தான் காரணமா?

தியாகராய நகர் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையில் மாலை வேளையில் உலவுவோரில் பலருக்கு, இதே தெருவில் 1982 மே 19 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது என்பது தெரிந்திருக்காது. ஒருபுறம் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பிரபாகரன். மறுபுறம் அதே இயக்கத்திலிருந்து பிரிந்து சென்ற உமா மகேஸ்வரன். இருவரும் கைது செய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டனர்.

அப்போது நான் பொருளாதாரம் பயின்றுகொண்டிருந்த மாணவன். ஒரே மொழி, ஒரே மதப் பின்னணி, ஒரே இலக்கு கொண்ட இருவர் அயல்நாட்டுத் தெருவொன்றில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வானேன் என்ற கேள்வி அன்று எனக்குள் எழுந்தது. அந்தக் கேள்வி அண்மையில் வேறு வடிவில் திரும்பி வந்தது.

பனகல் பூங்காவில் காலை நடைப்பயிற்சிக்குப் பின் நண்பர்கள் சிலர் உலகப் போர்ச் செய்திகளைப் பேசிக்கொண்டிருந்தோம். 'மதம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் உலகில் போரே இருந்திருக்காது' என்றார் ஒருவர். 'எந்த மதமும் கொலை செய்யச் சொல்லவில்லை. போருக்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை' என்றார் மற்றொருவர். இரண்டும் நாம் அடிக்கடி கேட்கும் விடைகளே. ஆனால், இரண்டுமே முழுமையானவை அல்ல. இதைச் சோதித்துப் பார்க்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பாக் நீரிணைக்கு அப்பால் 1983 முதல் 2009 வரை நடந்த போரே போதும்.

சோதனை எளிது. போருக்கு மதம்தான் காரணம் என்றால், மதங்களைப் பிரிக்கும் கோடும் போர்முனையின் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிங்களரில் பெரும்பான்மையினர் பௌத்தர். இலங்கைத் தமிழரில் பெரும்பான்மையினர் சைவர். எனவே, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பௌத்த - இந்துப் போராகத் தோன்றக்கூடும். ஆனால், கதிர்காமத்து முருகனைச் சிங்களப் பௌத்தரும் வழிபடுகின்றனர். பௌத்த விகாரைகள் பலவற்றில் திருமாலுக்கும் கதிர்காமக் கடவுளுக்கும் சந்நிதிகள் உண்டு. வழிபாட்டில் இவ்வளவு நெருங்கிய இரு சமூகங்கள் வழிபாட்டின் பொருட்டுப் போரிட்டன என்று சொல்வது கடினம்.

கத்தோலிக்கர்களைப் பாருங்கள். நீர்கொழும்பின் சிங்களக் கத்தோலிக்கரும் மன்னாரின் தமிழ்க் கத்தோலிக்கரும் ஒரே திருச்சபையினர். மடு மாதா ஆலயத்துக்கு இரு மொழியினரும் யாத்திரை சென்றனர். ஆயினும், போர் வந்தபோது ஒரே திருச்சபை அவர்களை ஒரே அணியில் நிறுத்தவில்லை. சைவர் மிகுந்த காங்கேசன்துறைத் தொகுதி மக்கள் 1956 முதல் தொடர்ந்து தேர்ந்தெடுத்த தந்தை செல்வா ஒரு கிறிஸ்தவர். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய பிரதமர் பண்டாரநாயக்க ஆங்கிலிகன் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்தைத் தழுவியவர். அவரை 1959-இல் சுட்டவரோ ஒரு பௌத்தத் துறவி.

அப்படியானால் கோடு எங்கே விழுந்தது? இங்குதான் பொருளாதாரம் துணைக்கு வருகிறது. படித்தோருக்கு அரசே பெரிய வேலை தரும் நிறுவனமாக இருந்த நாடு அது. நிலவளம் குறைந்த யாழ்ப்பாணத்தில் கல்வியும் அரசுப் பணியுமே நடுத்தரக் குடும்பங்களின் மூலதனம். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அந்த மூலதனத்தின் மதிப்பைக் குறைத்தது. அடுத்த அடி பல்கலைக்கழக வாயிலில் விழுந்தது. 1971-இல் பொறியியல் படிப்பில் சேரத் தமிழ்வழி மாணவர் 250 மதிப்பெண் பெற வேண்டியிருந்தது. சிங்களவழி மாணவருக்கு 227 போதுமானதாக இருந்தது. மருத்துவத்தில் இது 250-க்கு 229. மாணவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்று அந்த அளவுகோல் கேட்கவில்லை. எந்த மொழியில் தேர்வு எழுதினார் என்றே கேட்டது.

அதே 1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் ஓர் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. மக்கள் விடுதலை முன்னணியைச் சேர்ந்த சிங்களப் பௌத்த இளைஞர்கள் சிங்களப் பௌத்தப் பெரும்பான்மை அரசை எதிர்த்தனர். அந்த ஆண்டில் பொருளாதார அறிஞர் டட்லி சீயர்ஸ் தலைமையில் அந்நாட்டுக்குச் சென்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு, இளைஞர்கள் பெற்ற கல்விக்கும் கிடைத்த வேலைக்கும் இடையிலான பெரும் இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. தெற்கிலும் வடக்கிலும் ஆயுதம் ஏந்தியோர் பேசிய அரசியல் வேறு. ஆனால், படித்துவிட்டு எதிர்காலம் தெரியாமல் நின்ற இளைஞன் இரு பக்கத்திலும் இருந்தான்.

மதம் ஒன்றாக இருந்தும் மொழி பிரித்தது போல, மொழி ஒன்றாக இருந்தும் பிரிவு நேர்ந்தது. 1990 அக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தமிழே தாய்மொழியான அம்மக்கள் வீட்டையும் கடையையும் விட்டுச் சென்றனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அங்கே இஸ்லாமியக் கொள்கை எதுவும் விவாதிக்கப்படவில்லை. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று பிரித்தறியும் அடையாளமாக மட்டுமே மதம் பயன்பட்டது. தமிழர் என்ற முறையில் நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டிய அநீதி இது.

உலக வரலாறும் இதையே உரைக்கிறது. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் (1618-1648) கத்தோலிக்கர் - புராட்டஸ்டன்ட் மோதலாகத் தொடங்கியது. ஆனால், கத்தோலிக்கக் கர்தினாலான ரிஷெலியூ வழிநடத்திய பிரான்ஸ், 1635-இல் புராட்டஸ்டன்ட் சுவீடனுக்குத் துணையாகக் களமிறங்கியது. முஸ்லிம்களுக்கான தாயகமாக 1947-இல் உருவான பாகிஸ்தான், மொழியாலும் பொருளாதாரப் பாகுபாட்டாலும் 24 ஆண்டுகளில் இரண்டாக உடைந்தது.

அப்படியென்றால் மதம் குற்றமற்றதா? இல்லை. நண்பரின் இரண்டாவது விடை தவறுவது இங்குதான்.

1957 ஜூலையில் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். வட்டாரச் சபைகள், வடக்கு - கிழக்கு நிர்வாகத்தில் தமிழ், குடியேற்றத் திட்டங்களில் வட்டாரச் சபைகளுக்குப் பங்கு ஆகியவையே அதன் உள்ளடக்கம். அனைத்தும் பேசிப் பகிர்ந்துகொள்ளக்கூடியவை. அதே அக்டோபரில், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெயவர்த்தன இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஊர்வலம் புறப்பட்டார். அவர் புறப்பட்டது நாடாளுமன்றத்தை நோக்கி அல்ல. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள கண்டி தலதா மாளிகையை நோக்கி. ஊர்வலம் வழியிலேயே தடுக்கப்பட்டது. ஆனால், நிர்வாகச் சிக்கல் ஒன்று புனிதப் பிரச்னையாக மாறிவிட்டது. 1958 ஏப்ரலில் துறவிகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்து போராட, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம் மூண்டது. 1983 ஜூலையில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் அதே ஜெயவர்த்தனதான்.

பொருளாதாரத்தில் பண்டங்களைப் பகுக்கக்கூடியவை, பகுக்க இயலாதவை எனப் பிரிப்பதுண்டு. பணியிடங்களை அறுபதுக்கு நாற்பது எனப் பங்கிடலாம். ஆற்றுநீரைக் கன அடியில் அளந்து கொடுக்கலாம். அதிகாரத்தை மத்திக்கும் மாகாணத்துக்கும் பிரித்தளிக்கலாம். ஆனால், புனிதத்தைப் பங்கு போட முடியாது. புத்தர் மும்முறை வந்து சென்றதாக மகாவம்சம் கூறும் தீவில், அதிகாரத்தைப் பகிர்வது அறத்தைக் கூறுபோடுவது என்று மக்களை நம்பச் செய்துவிட்டால், பேச்சுவார்த்தை மேசைக்கே இடமில்லாமல் போகிறது. விட்டுக்கொடுப்பவர் துரோகியாகிறார். ஆக, மதம் பெரும்பாலும் சண்டையைத் தொடங்குவதில்லை. தீர்க்கக்கூடிய சண்டையைத் தீராத சண்டையாக்க அது பயன்படுத்தப்படுகிறது.

என் துறையின் எல்லையையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் நாளில் இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்கியவர்களில் இருவர் செல்வம் மிக்க வணிகரின் புதல்வர்கள். வறுமை, வேலையின்மை என்ற வழக்கமான விளக்கங்கள் அங்கே பொருந்தவில்லை. அந்நாட்டின் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே அதற்கு முன் பெரும் பகையும் இருந்ததில்லை. மதத்தின் பெயரால் புகட்டப்பட்ட நஞ்சே மனிதனைக் கொலைக்குத் தூண்ட முடியும் என்பதற்கு அது சான்று. எனினும், ஒரு கொடுஞ்செயலுக்கும் ஒரு போருக்கும் வேறுபாடு உண்டு. ஒரு சிறு கும்பலுக்கு வெறி போதும். கால் நூற்றாண்டுப் போருக்கு, தமக்குரியது பறிக்கப்பட்டது என்ற பல்லாயிரம் பேரின் குறை வேண்டும். அதைத் தீர்க்க மறுக்கும் அரசும் வேண்டும்.

'எல்லாம் மதத்தால் வந்தது' என்ற விடை, ஒப்பந்தங்களைக் கிழித்தவர்களையும் மதிப்பெண் அளவுகோலை வளைத்தவர்களையும் தப்பவிடுகிறது. 'மதத்துக்குத் தொடர்பே இல்லை' என்ற விடை, புனிதத்தின் பெயரால் சமரசத்தைத் தடுத்தவர்களைத் தப்பவிடுகிறது. உண்மையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, பங்கிட்டுத் தீர்க்கக்கூடிய ஒரு தகராறைப் புனிதப் போராக மாற்றுபவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம் என்பதே.

இந்தக் கேள்வி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பாதை, நீர், இடம், வேலை என நம் ஊர்களிலும் அன்றாடம் தகராறுகள் எழுகின்றன. தியாகராய நகரில் பல மதத்தவரும் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் வாடகைக்காகவும் நடைபாதைக்காகவும் சச்சரவு வருகிறது. பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள், இல்லையேல் நீதிமன்றம் செல்கிறார்கள். வாடகைத் தகராறு வாடகைத் தகராறாகவே இருக்கும்வரை அதற்குத் தீர்வு உண்டு. அதற்கு வேறு பெயர் சூட்ட ஒருவர் வரும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).