மின்சாரம் நின்றபின் வீட்டைக் காக்கும் வெப்பம்

குளிர்நாட்டு வீடொன்றை வெப்பப்படுத்தும் முதன்மை அமைப்பு செயலிழக்கும்போது அதன் பணியைத் தற்காலிகமாக ஏற்கும் கருவியே மாற்று வெப்பமூட்டி எனப்படுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயு உலை ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் ஃபர்னஸ் எனப்படும் இவ்வுலைக்கு எரிபொருள் நிலத்தடிக் குழாய் வழியே வந்தாலும், தீப்பற்றவைக்கும் மின்முனையும் கட்டுப்பாட்டுப் பலகையும் சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும் மின்சாரத்தால் இயங்குவன ஆதலால், மின்தடை ஏற்பட்டவுடன் குழாயில் எரிவாயு நிறைந்திருக்கையிலேயே உலை அணைந்துவிடுகிறது. அண்டை மாகாணமான கியூபெக்கில் நீர்மின்சாரம் மலிவு என்பதால் பெரும்பாலான வீடுகள் சுவரடி மின்வெப்பமூட்டிகளையே நம்பியுள்ளன. எரிபொருள் வேறுபட்டாலும் இரு மாகாணத்து வீடுகளின் வெப்பமும் ஒரே மின்கம்பியை நம்பியிருக்கிறது.

அக்கம்பி எளிதில் அறுபடக்கூடியது. மேலேயுள்ள வெப்பக் காற்றடுக்கில் நீராகி, தரையை ஒட்டிய உறைகுளிர்க் காற்றைக் கடந்து, தொட்ட பொருளின்மேல் உடனே பனிக்கட்டியாகப் படியும் உறைமழை 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் நாள்கணக்கில் பெய்தபோது, கம்பிகளோடு உயர்மின் கோபுரங்களும் பாரம் தாங்காமல் சரிந்தன. கியூபெக்கில் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் மின்சாரம் இழந்தனர். சிலர் வீடுகளுக்கு அது திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. 2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில நாட்களில், இதே உறைமழை டொராண்டோவில் ஏறத்தாழ 3 லட்சம் மின்இணைப்புகளைத் துண்டித்தது; ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஸ்கார்பரோவும் அப்போது இருளில் மூழ்கிய பகுதிகளுள் ஒன்று. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய குளிர்ப்புயலில் இறந்தோர் 246 பேர் என்று அம்மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களுள் 161 பேர் குளிரால் உடல்வெப்பம் குன்றி இறந்தவர்கள். 19 பேர் கார்பன் மோனாக்சைடு நஞ்சால் இறந்தவர்கள். 10 பேர் தீயில் இறந்தவர்கள். மாற்று வெப்பமூட்டி இல்லாமையும் தவறான மாற்று வெப்பமூட்டியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது.

வீடு முழுவதையும் 21 பாகை செல்சியஸில் வைத்திருக்கும் உலைக்கு ஈடான ஒன்றை மாற்றாகத் தேடுவோர் செலவைக் கண்டு கைவிடுவதே வழக்கம். அத்தகைய ஈடு தேவையும் இல்லை. வீடு வெப்பத்தை இழக்கும் வேகம், வெளிக்காற்றைத் தொடும் சுவர், கூரை, சாளரம் ஆகியவற்றின் பரப்பையும், இடுக்குகள் வழியே நுழையும் காற்றையும், உள்ளும் வெளியும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் பொறுத்தது. குடும்பம் முழுவதும் ஓர் அறைக்குள் ஒதுங்கி, கதவிடுக்கில் துணியை அடைத்து, சாளரங்களைக் கனத்த போர்வையால் மூடி, 21 பாகைக்குப் பதில் 15 பாகையோடு நிறைவடைந்தால், முன்னர் பத்து கிலோவாட் அல்லது அதற்கு மேல் தேவைப்பட்ட இடத்தில் ஒன்று முதல் இரண்டு கிலோவாட் போதுமானதாகும். ஓய்வாக இருக்கும் மனித உடல் ஒன்று ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுவதால் நால்வர் கூடியிருப்பதே அந்தக் கணக்கில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. சிக்கனம் கருவி வாங்கும் கடையில் தொடங்குவதற்கு முன்பே, எந்த அறை என்று முடிவு செய்வதில் தொடங்குகிறது.

கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது 1,500 வாட் மின்ஹீட்டர். உலை மட்டும் பழுதாகி மின்சாரம் இருக்கும் நாட்களில் அதனைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. நீட்டிப்புக் கம்பியில் இணைக்காமல் நேரே சுவர்ச்செருகியில் பொருத்தி, படுக்கையிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே போதும். மின்தடையின்போதோ அதனை மின்கலத்தால் இயக்க முனைவது வீண்செலவு. 13.5 கிலோவாட்மணி கொள்ளளவுள்ள பெரிய வீட்டு மின்கலமும் இத்தகைய ஒரே ஹீட்டரை ஒன்பது மணிநேரத்துக்குமேல் தாங்காது. அதே மின்கலத்தைக் கொண்டு எரிவாயு உலையின் விசிறியையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் இயக்கினால் கணக்கு தலைகீழாகிறது: அவை ஏறத்தாழ 500 வாட் மட்டுமே கேட்பதாலும், உலை விட்டுவிட்டே எரிவதாலும், ஒரு நாளுக்கு மேல் வீடு முழுவதும் வெப்பம் பெறும். ஆதலின் எரிவாயு உலை உள்ளவர்களுக்கு 2,000 வாட் அளவிலான சிறிய ஜெனரேட்டரே சிக்கனமான மாற்றாக அமையக்கூடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஜெனரேட்டர் கார்க்கொட்டகையிலோ திறந்த சாளரத்தின் அருகிலோ அல்லாமல் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இயங்கவேண்டும். அதன் மின்சாரம், உரிமம் பெற்ற மின்பணியாளர் பொருத்திய மாற்றுவிசை வழியாகவே வீட்டுக்குள் வரவேண்டும். அவ்விசையின்றிச் சுவர்ச்செருகி வழியே மின்சாரத்தைச் செலுத்தினால் அது தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்து, அறுந்த கம்பியைச் சீர்செய்துகொண்டிருக்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கக்கூடும்.

எரிபொருளை வீட்டுக்குள்ளேயே எரிக்கும் கருவிகளுக்கு வரும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வளிமத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கரிமப் பொருள் போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரியும்போது உண்டாகும் இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் இவ்வளிமத்தைப் பற்றிக்கொள்வதால், காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் உடல் மெல்லமெல்ல மூச்சுத்திணறலுக்கு ஆளாகிறது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தோன்றும் அறிகுறிகளைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிப் படுத்துவிடுவோர் பலர். தூய காற்றுக்கு வந்த பின்னும் குருதியில் சேர்ந்ததில் பாதி நீங்கவே நான்கைந்து மணிநேரம் பிடிக்கும். எரிகின்ற கரி இவ்வகையில் மிகக் கொடியது; புகையும் சுவாலையும் இன்றிக் கனன்றுகொண்டிருப்பதாலேயே அது தீங்கற்றது போலத் தோன்றுகிறது. கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியோர் இறந்ததும் இவ்வாறே. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைப் புயல் தாக்கி மின்சாரம் நின்றபோது, குடியேறிய குடும்பங்கள் பல கரியை வீட்டுக்குள் எரித்து நஞ்சுண்டன. சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் தன் முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கையை அச்சிட்டது. எச்சரிக்கை உரியவரின் மொழியில் போய்ச்சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. டொராண்டோவின் தமிழ் முதியவர்களுக்கும் அது தமிழிலேயே சொல்லப்படவேண்டும்.

புகைக்குழாய் இல்லாத சிறிய புரோப்பேன் ஹீட்டர்களும் மண்ணெண்ணெய் ஹீட்டர்களும் விலையால் மனத்தைக் கவர்பவை. வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று விற்கப்படும் புரோப்பேன் ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைவை உணரும் அமைப்பு ஒன்று உள்ளது. சிறு வழிச்சுடர் ஒன்று வெப்பமின் இணை எனப்படும் உலோகமுனையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். இருவேறு உலோகங்கள் இணையும் முனை சூடேறும்போது சிறிதளவு மின்னழுத்தம் பிறக்கும் என்னும் விதிப்படி எழும் அம்மின்சாரமே எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. காற்றில் 21 விழுக்காடாக இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 18 விழுக்காடாகக் குறைந்ததும் சுடர் முனையைவிட்டு விலகி எழ, மின்னழுத்தம் வீழ்ந்து வால்வு மூடிக்கொள்கிறது. நுட்பமான ஏற்பாடுதான், ஆயினும் அது அளப்பது ஆக்சிஜனையே, கார்பன் மோனாக்சைடை அன்று. எரிகலம் தூசியடைத்துப் பழுதானால் ஆக்சிஜன் குறையும் முன்பே நஞ்சு சேரக்கூடும். மேலும் ஒரு கிலோகிராம் புரோப்பேன் எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவி அறைக்குள்ளேயே தங்கி, குளிர்ந்த சுவர்களில் ஈரமாகப் படிந்து பூஞ்சணத்துக்கு வழிவகுக்கிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர்களை ஜப்பானியர் பல தலைமுறைகளாக ஒழுங்குடன் பயன்படுத்தி வந்திருந்தாலும், மாசசூசெட்ஸ் மாநிலம் புகைக்குழாயற்ற மண்ணெண்ணெய் ஹீட்டர்களை வீடுகளில் தடைசெய்துள்ளது. கலிஃபோர்னியா புகைக்குழாயற்ற எரிவாயு வெப்பமூட்டிகளை அனுமதிப்பதில்லை. இத்தடைகள் நியாயமானவை. குழந்தைகளும் முதியவர்களும் உறங்கும் அறைக்கு இக்கருவிகள் உகந்தவை அல்ல.

மேற்கண்ட இடர்களுக்கெல்லாம் விடையாக அமைந்திருப்பது நேர்வழிப் புகைபோக்கி கொண்ட எரிவாயுச் சுவர் ஹீட்டர். இதன் எரியறை கண்ணாடியாலும் உலோகத்தாலும் முற்றிலும் அடைக்கப்பட்டது. ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய இரட்டைக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே நீண்டிருக்க, உட்குழாய் வழியே புகை வெளியேறும், வெளிக்குழாய் வழியே எரிவதற்கான காற்று உள்ளே வரும். தீ உள்ளிழுக்கும் காற்றும் மனிதர் உள்ளிழுக்கும் காற்றும் எங்கும் கலப்பதில்லை. இவற்றுள் வழிச்சுடர் எப்போதும் எரியும் வகை மின்தடைக்கு மிகப் பொருத்தமானது. வெப்பமின் இணைகள் பலவற்றைத் தொடராகக் கோத்த வெப்பமின் அடுக்கு, அச்சுடரின் வெப்பத்திலிருந்தே அரை வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைப் பெற்று, வெளிமின்சாரம் ஒரு துளியும் இன்றி, முதன்மை வால்வையும் சுவரிலுள்ள வெப்பநிலைக் கட்டுப்பாட்டையும் இயக்குகிறது. சுடர் அணைந்தால் மின்னழுத்தம் இல்லை. மின்னழுத்தம் இல்லையேல் வால்வு திறவாது. இயற்பியலாளர் தாமஸ் சீபெக் 1821-இல் கண்டறிந்த இவ்வெப்பமின் விளைவு, தற்சார்பையும் பாதுகாப்பையும் ஒரே பொறியில் இணைத்திருப்பது வியக்கத்தக்கது. வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, மின்சாரம் இல்லாமல் இது பற்றவும் எரியவும் செய்யுமா என்பதே; புதிய மின்னணுப் பற்றவைப்பு வகைகளில் மாற்று மின்கலப் பெட்டி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பொருத்தும் கூலியோடு சில ஆயிரம் டாலர் ஆகும் என்பது உண்மை. எனினும் சாதாரண நாட்களிலும் அது ஓர் அறையை வெப்பப்படுத்திக்கொண்டிருப்பதால் செலவை நெருக்கடி நாட்களின் கணக்கில் மட்டும் எழுதுவது முறையன்று. நிலத்தடி எரிவாயு விநியோகம் உறைமழைக்குப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் டெக்சாஸில் எரிவாயுக் கிணறுகளே உறைந்து விநியோகம் தளர்ந்ததையும் மறக்கலாகாது.

விறகடுப்பு எக்கம்பியையும் எக்குழாயையும் சாராதது. அதன் விலை, புகைபோக்கி, இடவசதி ஆகியன நகரத்து வீடுகளில் பலருக்கு எட்டாதவை. ஓராண்டேனும் உலர்ந்து ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் வந்த விறகே உகந்தது, ஈரவிறகின் புகை புகைபோக்கிக்குள் கிரியோசோட் எனும் தாராகப் படிந்து பிற்காலத்தில் தீப்பிடிக்கும். மான்ட்ரியல் நகரம் 2018 அக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் உமிழும் விறகடுப்புகளைத் தடைசெய்தபோதும், மூன்று மணிநேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் எந்த அடுப்பையும் எரிக்கலாம் என்று விலக்கு அளித்துள்ளது. 1998-இன் உறைமழையைக் கண்ட நகரம் இத்தகைய விலக்கை விதியிலேயே எழுதிவைத்தது பொருத்தமே. மரத்தூள் குறுணையை எரிக்கும் பெல்லட் அடுப்போ குறுணையைத் தள்ளும் திருகும் விசிறியும் மின்சாரத்தால் இயங்குவதால் மின்தடையில் பயன்படாது. இதனை அறியாமல் வாங்குவோர் பலர்.

எதனைத் தேர்ந்தாலும் மின்கலத்தால் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைமணி உறங்கும் அறையருகே இருந்தாகவேண்டும். எரிபொருள் எரிக்கும் கருவியுள்ள வீடுகளில் ஒன்டாரியோ 2014 முதல் எச்சரிக்கைமணியைக் கட்டாயமாக்கியுள்ளது. வட அமெரிக்கத் தரத்தின்படி இம்மணி காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு நஞ்சைக் கண்டால் 15 நிமிடங்களுக்குள் ஒலிக்கும். 70 பங்கு மட்டுமே எனில் ஒரு மணி முதல் நான்கு மணிநேரம் வரை எடுத்துக்கொள்ளும். அதன் உணரி ஐந்து முதல் பத்தாண்டுகளில் தேய்ந்துவிடுவதால் பின்புறம் அச்சிட்ட காலாவதி நாளைப் பார்த்து மாற்றவேண்டும். மணி ஒலித்தால் சாளரத்தைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பது தவறு. அனைவரும் வெளியேறிய பிறகே தீயணைப்புத் துறையை அழைக்கவேண்டும்.

ஓர் அறையை மட்டும் காப்பவர்கள் ஏனைய அறைகளின் தண்ணீர்க் குழாய்களையும் கருதவேண்டும். நீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால் குழாய்கள் வெடிக்கும். சேதம் பனி உருகிய பின்னரே தெரியவரும். மின்தடை நீளும் எனத் தெரிந்தால் வீட்டுக்குள் நீர் நுழையும் முதன்மை வால்வை மூடி, மேல்தளத்திலிருந்து தொடங்கி எல்லாக் குழாய்களையும் திறந்து, நிலவறையின் கடைசிக் குழாய் வழியே நீர் முழுவதையும் வடித்துவிடவேண்டும். கழிவுநீர் வளைவுகளில் தேங்கிய நீரில் நஞ்சற்ற புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பியை ஊற்றவேண்டும்.