கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடையா?

காலையில் மோட்டாரைப் போடுகிறீர்கள். வாளியில் விழும் தண்ணீரில் லேசாக ஒரு வாடை. 'பக்கத்தில் யாரோ ஸ்கூட்டர் துடைக்கிறார்கள் போலிருக்கு' என்று விட்டுவிடுகிறீர்கள். நாலு நாள் கழித்து ரசத்திலும் அதே வாடை!

இது கற்பனைதான். ஆனால் சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு போர்வெல்களில் நிஜமாகவே தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்குப் போகும் குழாயில் கசிவு. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது; சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்தார்கள். அங்கே குழாய். பெட்ரோல் பங்க்குகளில் பூமிக்கடியில் புதைத்த தொட்டி. மண்ணுக்குள் நடப்பது ஒன்றேதான்.

மதகடிப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் பங்க்குகளுக்குப் பஞ்சமே கிடையாது. தமிழ்நாட்டைவிட புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு; எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள். சுற்றுவட்டார வீடுகளோ நிலத்தடி நீரை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே கசிகிறது என்று பயமுறுத்த வரவில்லை. கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்ளலாமே.

முதல் தடயம் பங்க்கிலேயே கிடைக்கும். தினமும் அளவுக்கோலைத் தொட்டிக்குள் விட்டு இருப்பைப் பார்க்கிறார்கள். இப்போது தானாக அளக்கும் கருவியும் வந்துவிட்டது. விற்றது போக மீதி சரியாக இருக்க வேண்டும். வெயிலில் பெட்ரோல் விரியும், கொஞ்சம் ஆவியாகும்; ஒருநாள் குறைந்தால் பெரிய விஷயமில்லை. நாள் தவறாமல் குறைந்துகொண்டே வந்தால்தான் சந்தேகம். கோலின் நுனியில் ஒரு பசை தடவுவார்கள், தண்ணீர் பட்டால் அதன் நிறம் மாறும். மழைக்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் ஏறியிருந்தால், எங்கோ ஓட்டை இருக்கலாம். தண்ணீர் உள்ளே வர வழியிருந்தால், பெட்ரோல் வெளியே போகவும் வழியிருக்கும்தானே!

அடுத்தது மண். தொட்டியைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு, ஆழ வாரியாக மண் எடுத்து ஆவியை அளப்பார்கள். பிறகு கண்காணிப்புக் கிணறுகள். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றின் நீர்மட்டத்தை ஒப்பிட்டால்தான் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று புரியும். பங்க்குக்கு எதிர்வீட்டுக் கிணறு நன்றாக இருக்க, அதைவிடத் தள்ளியிருக்கும் வீட்டுக் கிணறு கெட்டுப்போவதன் ரகசியம் இதுதான்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டத்தோடு ஏறும், கோடையில் இறங்கும், போகிற வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே போகும். அதனால் ஒரே ஒரு தடவை சோதித்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதை நம்பாதீர்கள். இரண்டு பருவத்திலும் பார்க்க வேண்டும்.

மிதப்பதை உறிஞ்சி எடுத்துவிடலாம். கரைந்து போவதுதான் வில்லன்... பென்சீன். எலும்பு மஜ்ஜையைத் தாக்கும்; ரத்தசோகை வரலாம், நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் ரத்தப் புற்றுநோய்கூட வரலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். கணக்குப் போட்டால், 1 லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும்! (அத்தனையும் தண்ணீருக்குப் போகாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தை மண்ணிலுள்ள பாக்டீரியா தின்னும்.) வாடை வரவில்லை என்பதற்காகத் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை, மூக்குக்குத் தெரியுமுன்பே அளவு எல்லையைத் தாண்டியிருக்கும்.

'கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே' என்பீர்கள். கிருமி சாகும், சரி. பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், அதை நீங்கள் சுவாசிப்பீர்கள். வெந்நீர்க் குளியலிலும் இதே கதை. வீட்டு ஆர்.ஓ. மெஷினையும் இதற்கு நம்ப வேண்டாம்.

வாடை தெரிந்தால் உடனே குடிக்க, சமைக்க, குளிக்க வேறு தண்ணீருக்கு மாறுங்கள். கிணற்றை எட்டிப் பார்க்கத் தீக்குச்சி கிழிக்காதீர்கள், ஆபத்து. வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனை உப்பையும் கடினத்தன்மையையும்தான் சொல்லும். லேபில் 'பி.டி.இ.எக்ஸ். பரிசோதனை' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதிரிக்குக் கண்ணாடிக் குப்பிதான், பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். குப்பியை லேபிலேயே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கொம்யூன் பஞ்சாயத்துக்கும் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாடை முதலில் வந்த தேதி, அப்போது மழையா வெயிலா, அக்கம்பக்கத்தில் எந்தெந்த வீட்டில் வருகிறது... எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். துளை போட வருகிறவர்கள் எங்கே ஆரம்பிப்பது என்பதை அந்த நோட்டுதான் காட்டும்.