கிம்ச்சியின் குளிர்க்கணக்கு

கொரியா என்றதும் மிளகாய்த்தூள் பூசிச் சிவந்த, புளித்த முட்டைக்கோஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் கிம்ச்சியின் வயதோடு ஒப்பிட்டால் அந்தச் சிவப்பு நேற்று வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியக் கப்பல்கள் கிழக்கே வந்த பிறகே அது ஆசியாவுக்குள் பரவியது. அதற்கு வெகுகாலம் முன்பே கொரியர்கள் முள்ளங்கி முதலான காய்களை உப்பில் ஊறவைத்துக் குளிர்காலத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

சூட்சுமம் உப்பில்தான் இருக்கிறது. உப்பு, இலைகளிலிருந்து நீரை இழுத்துவிடுகிறது. காயை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அந்த உப்பில் தலையெடுக்க முடியாது. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தாக்குப்பிடிக்கும். உறை எதுவும் ஊற்ற வேண்டாம். அவை காயோடும் மசாலாவோடும் சேர்ந்தே வருகின்றன. முதலில் பெருகுவது லியுகோனாஸ்டாக். அமிலத்தோடு கரியமில வாயுவையும் அது வெளியிடுவதால்தான் பதமான கிம்ச்சி நாக்கில் லேசாகச் சுருக்கென்கிறது. நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதிலும் இதற்கே முக்கியப் பங்கு. புளிப்பு ஏற ஏற, தான் சுரந்த அமிலமே தாங்காமல் அது ஒடுங்கிவிடும். புளிப்புக்கு அஞ்சாத லாக்டோபேசில்லஸ் வகையறா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிப் புளித்ததையும் கொரியர்கள் கொட்டுவதில்லை. அதுதான் கிம்ச்சிக் குழம்புக்கு வாகு.

இந்த ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது குளிர். வட கொரியப் பகுதிகளில் கடுங்குளிர், நொதித்தல் மெதுவாக நடக்கும். அதனால் உப்பும் காரமும் குறைவு, சாறு அதிகம். தெற்கே ஜொல்லாவில் குளிர் அவ்வளவு இல்லை. சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் உப்பையும் மிளகாயையும் புளிக்கவைத்த நெத்திலிச் சாற்றையும் தாராளமாகச் சேர்க்கிறார்கள். ஆக, ஒரு வாய் கிம்ச்சியை வைத்தே அது எந்தத் திசையின் சமையல் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். தேசிய உணவு என்ற ஒற்றைப் பெயருக்குள் இத்தனை ஊர்களின் தட்பவெப்பம் அடங்கியிருக்கிறது. என் கணக்கில், அந்தப் பெயரைத் தாங்குவது சிவப்பைவிட இந்த ஊர்ப் பக்குவங்கள்தான்.

குளிர்காலத் தொடக்கத்தில் உறவும் அண்டை அயலும் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போடுவதற்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013இல் யுனெஸ்கோ தென் கொரியாவின் கிம்ஜாங் மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் வட கொரியாவின் கிம்ச்சி மரபும் தனியாக இடம்பெற்றது. இரண்டாகப் பிரிந்த நாடு, பட்டியலிலும் இரண்டு பதிவுகளாகவே நிற்கிறது.

2008இல் தென் கொரியாவின் முதல் விண்வெளி வீராங்கனை யி சோ-யோன் கிம்ச்சியோடுதான் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். பாக்டீரியாக்கள் உயிரோடிருந்தால் அந்தச் சூழலில் என்ன ஆகுமோ என்ற அச்சம் விஞ்ஞானிகளுக்கு. எனவே கதிர்வீச்சால் அவற்றை முழுக்கக் கொன்ற பிறகே பொட்டலம் மேலே போனது.